கனத்தைக் கூட்டினால் போதுமா?

அன்புள்ள ஐயா,
எரிவாயுக் குழாய்களின் அரிப்பு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இயந்திரவியல் இறுதியாண்டு மாணவன் நான். கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டுமே இரும்பைத் தின்பவைதானே? இன்னும் வலுவான எஃகில், கனமான குழாய் போட்டால் தீராதா? உள்ளே எந்தப் பூச்சு நல்லது?
கே.

அன்புள்ள கே,

பூச்சு பற்றி இன்னொரு நாள். ‘வலுவான எஃகு’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். சில நாட்களாக என் மனதில் ஓடுவதும் அதுதான்.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து அமிலமாகிச் சுவரைத் தின்னும். அதற்கென்று சில மில்லிமீட்டர் கூடுதலாக வைப்பதுண்டு, சரி. ஆனால் ‘இரண்டுமே’ என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்களே, இறுதியாண்டு மாணவர் அப்படித் தாண்டலாமா?

அரிப்பு நடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கும். வழக்கமாக இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகப் போய்விடும். சல்ஃபைடு அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. தனி அணு எஃகுக்குள்ளேயே நுழைகிறது. எங்கே கடினமும் இழுவிசையும் அதிகமோ அங்கே விரிசல் விடுகிறது. சுவர் தேயவே வேண்டாம். அதனால்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓடும் சாதாரணக் கார்பன் எஃகுக்கு ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 22 என்று கடினத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். வலுவைக் கூட்டினால் பெரும்பாலும் கடினமும் கூடும். கனத்தைக் கூட்டினாலோ வெல்டிங் சீக்கிரம் குளிர்ந்து அதன் ஓரம் இறுகும். நீங்கள் சொன்ன இரண்டு மருந்துமே நோயை வளர்ப்பவை, தம்பி!

காஸ்பியன் கடலில், கசகஸ்தானின் கஷகான் எண்ணெய் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. அக்டோபரிலேயே குழாயில் கசிவு, நிறுத்தம். புத்தம் புதுக் குழாய், தேய்வதற்கு நேரம் ஏது? சல்ஃபைடு விரிசல்தான். குழாய்களையே மாற்றி, 2016-இல்தான் மறுபடி ஓட்டினார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பார்க்க அத்தனை அழகான ஒரு வெல்டிங்கை வெட்டச் சொன்னார் எங்கள் ஃபோர்மேன். “எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லையே” என்று சண்டை போட்டேன். “எக்ஸ்ரேக்குக் கடினம் தெரியாதுடா” என்றார். முன்கூட்டிச் சூடேற்றாமல் அவசரமாகப் போட்ட வெல்டிங் அது. கோபத்தோடுதான் வெட்டினேன். அப்புறம் ஓரத்தை அளந்தபோது வரம்பைத் தாண்டியிருந்தது. அன்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

உங்கள் கல்லூரிப் பட்டறையில் ஒரு தடித்த தகட்டைச் சூடேற்றாமல் வெல்டிங் செய்து, குறுக்கே வெட்டி, ஓரத்தின் கடினத்தை அளந்து பாருங்கள். வந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.