பாய்மரப் படகுக்கு எந்தப் புரொப்பெல்லர்? கோத்தகிரியிலிருந்து பதில்கள்

நீலகிரியில் குடியிருந்துகொண்டு கடற்கரையில் படகு வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இந்த வாரம் நான் பதில் சொல்கிறேன். கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டுக் கோத்தகிரியில் ஒதுங்கியவன். நான்கு விவரம் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: படகின் நீர்மட்ட நீளம், குதிரைத்திறன், இன்ஜினின் உச்ச ஆர்பிஎம், கியர் விகிதம்.

குன்னூர்: சார், நானும் மைத்துனரும் புதுச்சேரியில் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம். நீர்மட்டத்தில் 22 அடி. 20 குதிரைத்திறன் டீசல், 3,600 ஆர்பிஎம், கியர் 2.6:1. பிட்ச் எவ்வளவு வேண்டும்?

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. 22இன் வர்க்கமூலம் 4.69, அதை 1.34ஆல் பெருக்கினால் 6.3 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), அதுதான் உங்கள் படகின் உச்ச வேகம். இது நீரைத் தள்ளிக்கொண்டு போகும் வகைப் படகு, அதற்கு மேல் எவ்வளவு டீசல் ஊற்றினாலும் அலைதான் பெரிதாகும். அடுத்து, 3,600ஐ 2.6ஆல் வகுத்தால் புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 1,385 சுற்று. பிட்ச் என்பது வழுக்காமல் போனால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். அது 10 அங்குலம் என்றால், நீரில் வழுக்கலே இல்லாத கணக்கில் 11.4 நாட் வரும். பாய்மரப் படகில் 40 முதல் 50 சதவீதம் வழுக்கல் சாதாரணம். 45 என்று வைத்தால் 6.3 நாட். ஆக, 10 அங்குலத்தில் ஆரம்பிக்கலாம்.

ஆனால் இது காகிதக் கணக்கு. டாங்கிகளை நிரப்பி, ஆட்களை ஏற்றி, சுத்தமான அடிப்பாகத்தோடு முழு த்ராட்டில் கொடுங்கள். 3,600ஐத் தொட வேண்டும். 3,100இலேயே மூச்சு வாங்கிக் கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம். சட்டென்று 3,600ஐத் தாண்டத் துடித்தால் பிட்ச் போதவில்லை. பிளேடு நுனிக்கும் படகின் உடலுக்கும் நடுவே, புரொப்பெல்லர் விட்டத்தில் குறைந்தது 10 சதவீதம், முடிந்தால் 15 சதவீதம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தரை அதிரும். முழு த்ராட்டில் சோதனை முடியாமல் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஊட்டி: அண்ணா, எஸ்டேட் குளத்தில் ஒரு சின்னப் பாய்ப்படகு. சென்னையில் நன்றாக ஓடிய 6 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்) இங்கே இழுக்கவில்லை. மோட்டார் போச்சா?

மோட்டார் போகவில்லை தம்பி, காற்றுதான் மெலிசு. 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 3 சதவீதம் திறன் குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், எனவே ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாகப் போய்விடும். கையில் இருப்பது ஐந்துக்கும் குறைவு. பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைந்ததை மாட்டுங்கள், 150–200 ஆர்பிஎம் மீளும். கார்புரேட்டர் என்றால் பெட்ரோல் விடும் துளையான மெயின் ஜெட்டும் சிறிதாக வேண்டும். அந்தப் புரொப்பெல்லரோடு திரும்பச் சென்னைக்குப் போகாதீர்கள், இன்ஜின் எகிறும். மின்மோட்டாருக்கு இந்தக் கவலையே இல்லை.

கூடலூர்: இரண்டு பிளேடா, மூன்று பிளேடா?

பாயில்தான் அதிகம் ஓடுவீர்கள் என்றால் இரண்டு. எதிர்க்காற்றில் இன்ஜினை நம்பித் துறைமுகம் புகுபவர் என்றால் மூன்று.

வெலிங்டன்: மூன்று பிளேடு போட்டால் வேகம் கூடுமா சார்?

வேகம் கூடாது. உச்ச வேகத்தைப் படகின் நீளம்தான் முடிவு செய்கிறது, குன்னூருக்குச் சொன்ன முதல் பதிலைப் படியுங்கள்.

கொடைக்கானல்: மடங்கும் புரொப்பெல்லர் வாங்கலாமா?

பாயில் நன்றாக ஓடும். ரிவர்ஸில் பிடிப்பு குறைவு, படகு நிற்க நேரம் எடுக்கும். இறகுபோல் பிளேடு திரும்பும் வகை ரிவர்ஸிலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம், கிரீஸ் வைக்க மறக்கக் கூடாது. கீலுக்கு (படகின் அடியில் நடுவே நீண்டிருக்கும் தண்டு) நேர் பின்னால் நிலையான இரண்டு பிளேடு இருந்தால் மலிவான வழி உண்டு: பிளேடு செங்குத்தாக நிற்கும் இடத்தில் படகுக்குள் ஷாஃப்ட்டின் மேல்பக்கம் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். பாய் ஏற்றியதும் டேப் மேலே வருமாறு திருப்பிப் பூட்டினால் பிளேடுகள் கீலின் நிழலில் ஒளிந்துகொள்ளும்.

குன்னூர், இன்னொருவர்: பாயில் போகும்போது புரொப்பெல்லரைச் சுழலவிடாமல் பூட்டினால்தான் இழுவை, அதாவது நீர் பின்னுக்கு இழுப்பது, குறைவு. சுழலும் ரோட்டர்தானே ஹெலிகாப்டரை விழாமல் தாங்குகிறது?

வந்துவிட்டதா! ஹெலிகாப்டர் விமானி இன்ஜின் நின்றதும் பிளேடு கோணத்தைத் தட்டையாக்குகிறார். உங்கள் பிளேடு கோணம் வார்ப்பிலேயே நிலைத்தது. பூட்டினால் நீர் அதன் முகத்தில் மோதும். சுழலவிட்டால் வழுக்கிச் செல்லும். ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் தொட்டியில் அளந்ததிலும் பூட்டியதற்கே இழுவை கூடுதல், வேகம் ஏறினால் இரட்டிப்பு வரை.

அதே நபர்: என் படகில் பூட்டினால்தான் அரை நாட் கூடுகிறது, நேரில் பார்த்தேன்.

ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் ஸ்டெர்ன் கிளாண்ட் இறுக்கமாக இருந்தால் புரொப்பெல்லர் தடுமாறித் தடுமாறிச் சுழலும், அப்போது அனுகூலம் போய்விடும்.

அரவங்காடு: அப்போ எல்லாரும் நியூட்ரலில் விட்டுவிடலாமா?

கூடாது! சில கியர் பாக்ஸ்கள் இன்ஜின் ஓடாமல் சுழன்றால் எண்ணெய் போகாமல் தேயும். சிலவற்றை ரிவர்ஸில் பூட்டினால் கிளட்ச் பாழாகும். கியர் பாக்ஸின் கையேடுதான் முடிவு. இதைப் பற்றி இன்னும் நான்கு கேள்வி வந்திருக்கிறது, நான்குக்கும் இதே பதில்.

ஊட்டி: புரொப்பெல்லருக்குப் பதிலாகத் தானே அரிந்துபோகும் துத்தநாக அனோடு நன்னீரிலும் போதுமா?

போதாது. நன்னீரில் மெக்னீசியம், கடலில் துத்தநாகம்.

கோத்தகிரி: ஷாஃப்ட் முனையில் தடித்த நட்டு ஒன்று, மெல்லியது ஒன்று. எது முதலில்?

மெல்லியது முதலில், அதன் மேல் தடித்தது. அப்புறம் ஸ்ப்ளிட் பின். பழைய பின்னை மறுபடி வளைத்துப் போடாதீர்கள்.