106 கிலோ ஆளுக்கு 24 கம்பி போதுமா?

கோவை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "என் எடை 106 கிலோ. அலுமினிய ரோடு பைக் (மெல்லிய டயர் சைக்கிள்), ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடிக்கும் வகை), 25 மி.மீ. டயர். பின்சக்கரத்தில் 24 ஸ்போக்ஸ். நான்கு மாதத்தில் மூன்று முறை கம்பி ஒடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மாற்றிக் கோட்டம் எடுத்துத் தருகிறார்கள். இப்போது கடைக்காரர் 50 மி.மீ. உயர ரிம் உள்ள கார்பன் சக்கர ஜோடி வாங்கச் சொல்கிறார். 'நல்லா ஸ்டிஃப்பா இருக்கும், ஒடியவே ஒடியாது' என்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரே ஒரு பின்சக்கரம். 32 கம்பி, முடிந்தால் 36, அலுமினிய ரிம், கையால் கட்டியது. முன்சக்கரம் இதுவரை தொல்லை தரவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரம்தான் சுமக்கிறது.

கம்பி ஏன் ஒடிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கடையில் ஏமாற மாட்டீர்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் கீழே வரும் நேரத்தில் ஒருமுறை தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 475 தடவை, 100 கி.மீ. ஓட்டினால் 47,000 தடவைக்கு மேல். இரும்புக் கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் மடக்கினால் கடைசியில் ஒடியுமே, அதே கதைதான். ஆள் கனமாக இருந்தால் தளர்ச்சி அதிகம். கம்பியை முதலிலேயே போதிய அளவு இறுக்கவில்லை என்றால் அது கீழே வரும்போது முழுக்கத் தொய்ந்து, ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) ஓட்டையில் ஆடி, அங்கே கம்பி வளைந்திருக்கும் இடத்தில், அதாவது வளைவில், முறியும். "ரொம்ப இறுக்கினா ஒடிஞ்சிடும் சார்" என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர் எதிர். அளவு மீறி இறுக்கினால் ரிம்மில் நிப்பிள் (கம்பி நுனியைப் பிடிக்கும் மறை) ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும். கம்பி வளைவில் முறிவது பெரும்பாலும் தொய்வால்தான்.

பின்சக்கரத்தின் வலப்பக்கம் கேசட் (கியர் பற்சக்கர அடுக்கு) இருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் வலப்பக்கம் இறுக்கமாகவும், இடப்பக்கம் அதில் ஏறக்குறைய பாதி இறுக்கமாகவும்தான் இருக்க முடியும். ஆகவே வலப்பக்கத்தில் இறுக்கம் குறைந்தால் இடப்பக்கம் வெறும் பேருக்குத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். மெஷினில் கட்டி வரும் மலிவுச் சக்கரங்கள் பலவற்றின் நிலை இதுதான். நீங்கள் மூன்று தடவை காசு கொடுத்த "கோட்டம் எடுத்தல்" அதை இன்னும் கெடுத்திருக்கும். நாலு கம்பியை இழுத்து, நாலை விட்டு, ரிம்மை நேராகக் காட்டிவிடுவார்கள். கண்ணுக்கு நேர், உள்ளே கம்பிக்குக் கம்பி இழுப்பு வேறு. விரலால் மீட்டிப் பாருங்கள்: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் ஒலிக்க வேண்டும். வீணையும் தகர டப்பாவும் மாறி மாறிக் கேட்டால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

புதிதாகச் செலவழிப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஒடிந்த மூன்றும் வலப்பக்கம், கேசட்டின் பெரிய பல்லுக்குப் பின்னால் உள்ளவையா? அப்படியானால் உங்கள் எடை மேல் பழி இல்லாமல் இருக்கலாம். செயின் எப்போதாவது பெரிய பல்லைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால், வலப்பக்கக் கம்பிகளில் வெளிவரிசையை ஹப்புக்குச் சற்று மேலே அறுத்திருக்கும். வெட்டுப்பட்ட கம்பி அன்றைக்கு ஒடியாது. வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக ஒடியும். நகத்தால் தடவினால் கீறல் தட்டுப்படும். 24 கம்பிச் சக்கரத்தில் வழக்கமாக அந்த வெளிவரிசை ஆறு கம்பி. ஆறையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பின் டீரெய்லரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 'எல்' திருகைச் சரிசெய்யுங்கள்; செயின் உள்பக்கம் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லை அதுதான். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தால் ஹேங்கர் (டீரெய்லரைத் தாங்கும் துண்டு) உள்ளே வளைந்திருக்கலாம், அதை நிமிர்த்தாமல் திருகை மட்டும் திருப்பினால் செயின் மறுபடி விழும். இன்னொன்று: இந்தக் கம்பிகளை மாற்ற கேசட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்கான டூல் இல்லாத இடத்தில் புதுக் கம்பியை வளைத்து நுழைப்பார்கள். வளைத்த கம்பி ஆயுசு கெட்ட கம்பி.

கீறல் இல்லை, மூன்றும் வளைவில் முறிந்தவை என்றால் மீதிக் கம்பிகளும் அதே தேய்மானத்தில்தான் நிற்கின்றன. ஒன்றொன்றாக மாற்றுவது வீண். புதுச் சக்கரம் கட்டச் சொல்லுங்கள்.

ஹப்: ஷிமானோ டியாக்ரா அல்லது 105, 32 அல்லது 36 ஓட்டை. இதற்கு மேல் செலவழிப்பது கௌரவத்துக்கு. ரிம்: 25 முதல் 32 மி.மீ. உயரம், உள் அகலம் 18 அல்லது 19 மி.மீ., 500 கிராமை ஒட்டிய எடை. டிடி ஸ்விஸ் ஆர்ஆர் 511 போன்றது. 420 கிராம் ரிம் உங்களுக்கு இல்லை. கம்பி: இரு முனையும் 2.0, நடுவில் 1.8 மி.மீ. ஆக மெலிந்த பட்டட் வகை. டிடி காம்படிஷன், சாப்பிம் ரேஸ் இரண்டில் எதுவும் சரி. முழுக்க 2.0 மி.மீ. தடிமன் உள்ளதுதான் பலம் என்று கடையில் வாதாடுவார்கள். மெலிந்த நடுப்பகுதி இழுபட்டுக் கொடுப்பதால்தான் வளைவு பிழைக்கிறது. நிப்பிள் பித்தளை, அலுமினியம் கூடாது. இரு பக்கமும் மூன்று குறுக்குப் பின்னல், அதாவது ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தில் வேறு மூன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். வலப்பக்க இறுக்கம் 110 முதல் 120 கிலோ விசை, டென்ஷன் மீட்டரில் அளந்து. ரிம் கம்பெனி அதற்குக் குறைவாக எல்லை சொல்லியிருந்தால் அதுவே எல்லை. கட்டி முடித்ததும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் பலமாக நெருக்கி அழுத்தி, மறுபடி நேர்செய்ய வேண்டும். பலர் சோம்பேறித்தனமாக விட்டுவிடும் வேலை இது. 300 கி.மீ. ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பு.

எடை கூடுமே என்கிறீர்களா? எட்டுக் கம்பி, நிப்பிளோடு சேர்த்து சுமார் 56 கிராம். ஒரு மடக்குத் தண்ணீர்.

இனி அந்தக் கார்பன் ஜோடி. "120 கிலோ வரை தாங்கும்" என்று அட்டையில் இருக்கும். பெரும்பாலும் அது ஆளின் எடை அல்ல. ஆள், வண்டி, பாட்டில், பை எல்லாம் சேர்த்து. நீங்கள் 106 கிலோ, வண்டி 10, இரண்டு பாட்டில் சேர்த்து ஒன்றரை, ஷூ, ஹெல்மெட், உடை சேர்த்து இரண்டு கிலோ, டூல் பை ஒரு கிலோ. தாண்டியாயிற்று. உடைந்தபின் வாரண்டி கேட்டால் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான், விற்கும்போது அதன் மேல் கட்டைவிரல். மேலும் நீங்கள் கோவைக்காரர், கோத்தகிரி ஏறாமல் இருக்க மாட்டீர்கள். ரிம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு 106 கிலோ மலை இறங்கினால் கார்பன் ரிம் சூடேறி, பிசின் இளகி, டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத (ஹுக்லெஸ்) ரிம் என்றால் காற்று அதிகபட்சம் 72.5 பி.எஸ்.ஐ. தான், உங்களுக்கு அது பற்றாது. வண்டி விற்கும்போது எத்தனை கியர் என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், எத்தனை கிலோ ஆளுக்கு என்று ஒரு வரி போட்டால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடமிருந்தால் 28 மி.மீ. டயர் போடுங்கள். பின்னால் 90, முன்னால் 80 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம், டயரில் அச்சிட்ட எல்லையை மீறாமல். எழுந்து மிதிக்கும்போது ரிம் பிரேக் கட்டையில் உரசினால் சக்கரத்தைக் குறை சொல்லும் முன் குவிக் ரிலீஸும் (சக்கரத்தை ஃபிரேமில் பூட்டும் நெம்புகோல்) ஹப் கோனும் (பேரிங்கை இறுக்கும் கூம்பு நட்) தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

வலப்பக்கக் கம்பிக்கும் இடப்பக்கக் கம்பிக்கும் நீளம் ஓரிரு மி.மீ. வேறுபடும். இரண்டு நீளத்தையும் பில்லின் பின்னால் எழுதி வாங்கி, பக்கத்துக்கு இரண்டு உதிரிக் கம்பியும் கையோடு வாங்கிவிடுங்கள். அப்புறம் தேடினால் உங்கள் அளவு மட்டும் எந்தக் கடையிலும் இருக்காது.