அந்தப் பனைமரத்தை வரையச் சொன்னது யார்?

கேள்வி (சுருக்கி): அக்கா, எனக்கு 33 வயது. வள்ளியூர் பக்கம் கிராமம். கணவர் சவுதியில். அத்தை, கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். அதிலிருந்து நிம்மதி இல்லை. கொழுந்தன் என் வேதாகமத்தைத் தூக்கி மாட்டுக்கொட்டகையில் வீசினார். நாத்தனார் வளைகாப்பில் வளையல் போட என்னைக் கூப்பிடவில்லை. அம்மன் கோயில் கொடை விழாவில் பொங்கல் பானையைத் தொட விடவில்லை. தாங்க முடியாமல் 'இனிமேல் சர்ச்சுக்குப் போகமாட்டேன்' என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். இப்போது எட்டு வயது மகனை ஓவிய வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன். அவன் கெட்டிக்காரன், சனிக்கிழமை ராத்திரியே ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்வான். போன வாரம் ரெண்டு பனைமரம். ஆச்சியிடம் காட்டினான், அவர்களும் சோற்றுப் பருக்கையை நசுக்கி அடுக்களைக் கதவில் ஒட்டிவிட்டார்கள். கணவருக்கு எல்லாம் தெரியும், 'நீயே பார்த்து சமாளி' என்கிறார். வெள்ளிக்கிழமை லீவில்தான் நிதானமாகப் பேசுவார். இந்தப் பாடுகளில் விசுவாசத்தில் நிலைத்திருக்க ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் கொழுந்தனும் நாத்தனாரும் மூன்றே முக்கால் பக்கம், பையன் வரைகிற படத்துக்கு ரெண்டு மூன்று வரி. எனக்கு அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை.

அவன் கெட்டிக்காரன் என்கிறீர்கள். இல்லை, அவன் பயந்துபோன பிள்ளை. எட்டு வயசில் ஒரு பொய்க்கு முந்தின ராத்திரியே அத்தாட்சி தயார் பண்ணி வைக்கிறான் என்றால், அம்மா மாட்டிக்கொள்வாளோ, சித்தப்பா சத்தம் போடுவாரோ என்று சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்தே அவன் வயிறு கலங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாடுகள், பாடுகள் என்று நாலு பக்கம் எழுதினீர்களே, அந்த வீட்டில் பாடு சுமக்கிறது யார் என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம் அந்தக் கதவு. மருமகளோடு முகம் கொடுத்துப் பேசாத பொம்பளை, பேரன் கையால் வரைந்தது என்று ஆசையாக, தினமும் பத்துத் தடவை கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். நீங்கள் உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்தப் பனைமரம் கண்ணில் படாமலா இருக்கும்? உங்களை நம்பாவிட்டாலும் பேரனை நம்புகிறார் அவர். அந்த நம்பிக்கையை எடுத்து நீங்கள் பஸ்ஸுக்குச் செலவழிக்கிறீர்கள்.

யூத அதிகாரி நிக்கொதேமு ராத்திரியில் போய் இயேசுவைப் பார்க்கவில்லையா என்பீர்கள். இந்த வாதத்தை நான் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். ராத்திரியோ பகலோ, அவர் தானாகப் போனார், 'அப்பா ஊரில் இல்லை' என்று சொல்லச் சொல்லி ஒரு பையனை வாசலில் நிறுத்திவிட்டுப் போகவில்லை. கடைசியில் நூறு இராத்தல் சுகந்தவர்க்கத்தைச் சுமந்துகொண்டு இயேசுவின் அடக்கத்துக்கு வந்து நின்றாரே, அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

உங்கள் ஊரிலிருந்து வடக்கன்குளம் எவ்வளவு தூரம் சொல்லுங்கள். 1745-ல் அங்கேதான் தேவசகாயம் ஞானஸ்நானம் எடுத்தார். திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரை 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுப்போட்டார்கள். 2022-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். சாத்தான்குளம் பக்கம் முதலூர் இருக்கிறதே, சொந்த ஊரில் இருக்கவிடாமல் விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் 1799-ல் உண்டாக்கின ஊர் அது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடிவைக்கத்தான் ஜெர்மன் மிஷனரி இரேனியஸ் 1830-ல் தர்ம சங்கம் ஆரம்பித்தார். அவர்களை அடித்தவனுக்கும் விரட்டினவனுக்கும் எதற்காக அடிக்கிறோம் என்று தெரியும், ஏனென்றால் இவர்கள் வாயைத் திறந்து சொல்லியிருந்தார்கள். உங்கள் அத்தைக்கு என்ன தெரியும்? மருமகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள், பேரன் படம் வரையக் கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான். இப்போதைக்கு உங்களை யாரும் துன்பப்படுத்தவில்லை தங்கச்சி. நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு இந்த ஓவிய வகுப்பு வெளியே தெரிந்து வாங்கிக் கட்டிக்கொண்டால், அதைக் கிறிஸ்துவுக்காகப் பட்டது என்று சாட்சி சொல்லிவிடாதீர்கள். கிறிஸ்தவனாக இருப்பதால் வருகிற பாடு வேறு, தப்பு செய்து வாங்குகிற அடி வேறு என்று தன் முதல் நிருபம் 4-ம் அதிகாரத்தில் பிரித்து எழுதினவர் பேதுரு. ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கே 'இயேசுவைத் தெரியாது' என்றவர், வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

பொங்கல் பானை விஷயம் எனக்குப் புரியவில்லை. ஞானஸ்நானம் எடுத்தவருக்கு அம்மன் கொடைப் பொங்கல் பானையில் என்ன உரிமை கேட்க இருக்கிறது? அது அத்தையின் பக்தி, விட்டுவிடுங்கள். வளைகாப்பில் ஒதுக்கினது வலிக்கும். இன்னும் நாலு விசேஷத்தில் ஒதுக்குவார்கள், அதற்கும் தயாராக இருந்துகொள்ளுங்கள். ஆனால் கொழுந்தன் கை வைத்தால் அதைச் சிலுவை என்று பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். 181-க்குப் போன் போடுங்கள், அன்று ராத்திரி பிள்ளையோடு அம்மா வீட்டில் இருங்கள்.

உங்கள் கணவருக்கும் ரெண்டு வார்த்தை உண்டு. பெற்ற தாயிடம் பேச வேண்டியதை மருமகள் தலையில் கட்டிவிட்டு ரியாலில் பணம் அனுப்பினால் மகன் கடமை முடிந்ததா? 'அம்மா, அவள் சர்ச்சுக்குப் போவது எனக்குத் தெரியும், என் சம்மதத்தோடுதான் போகிறாள்' என்று அவர் வாயால் சொல்லட்டும். அந்த ஒரு வரியை நீங்கள் ஆயிரம் தடவை சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடாது. அவர் போனில் இருக்கும்போதே, நீங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொல்லுங்கள். போகமாட்டேன் என்று சொன்னது பொய், ஓவிய வகுப்பு என்று ஒன்று கிடையாது, படம் வரையவைத்த பாவம் என்னுடையது, பிள்ளையைத் திட்டாதீர்கள் என்று. பையனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொள்வதை அவன் காதால் கேட்கவேண்டும். அத்தை அழுவார், சோறு சாப்பிடமாட்டார், ரெண்டு மாசம் பேசாமலும் இருப்பார். இருக்கட்டும். அவருக்குச் செய்ய வேண்டியதில் குறை வைக்காதீர்கள், அதைச் சபையில் எழுந்து சாட்சி என்று சொல்லிக்கொண்டும் இருக்காதீர்கள்.

கொஞ்ச நாளைக்கு ஞாயிறு நீங்கள் மட்டும் போங்கள். பையன் ஆச்சியோடு இருக்கட்டும். பிள்ளையை ஆண்டவரிடமிருந்து பிரிக்கிறேன் என்று உங்கள் ஜெபக்குழுவில் என்னைத் திட்டுவார்கள், திட்டிக்கொள்ளட்டும். கதவில் இருக்கிற படத்தை நீங்கள் தொடாதீர்கள். வைத்திருப்பதோ கிழிப்பதோ அத்தை பாடு.

இதை இந்த வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். அடுத்த நாள் ராத்திரி ஆனால் அவன் கிரேயான் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.