கண் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை: வாசகர் கேள்விகள்

கிளினிக்கில் கண் பிரஷர் 24 என்று எழுதினார்கள். பிறகு ஒரு மெஷினுக்குள் பார்த்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நிறையப் புள்ளிகளைத் தவறவிட்டேன். அடுத்த கிளினிக் மூன்று வாரம் கழித்துத்தான். ராத்திரியில் தூக்கமே இல்லை. (தலவாக்கலை)

முதலில் அந்தப் புள்ளிகள். எவ்வளவு மங்கிய வெளிச்சம்வரை உங்கள் கண் பிடிக்கிறது என்று அந்த மெஷின் தேடுகிறது. ஒரு புள்ளியைக் கண்டுவிட்டால், அந்த இடத்தில் இன்னும் மங்கலாக்கிக் காட்டும். நல்ல பார்வை உள்ளவருக்கும் கிட்டத்தட்டப் பாதி தெரியாமல்தான் போகும். முதல் தடவை செய்பவர்கள் பதற்றத்தில் பிந்தி அழுத்துவதும் வழமை. திரும்பச் செய்யச் சொன்னால் அதைக் கெட்ட செய்தியாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த 24. சாதாரண அளவு 10 முதல் 21 வரை. அதைத் தாண்டிய பலருக்குக் கண் நரம்பில் பாதிப்பே இருக்காது. 21க்குள் இருந்தும் குளுக்கோமா, அதாவது கண் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை குறையும் நோய், வந்தவர்கள் உண்டு. அதனால்தான் ஒரு இலக்கத்தோடு நிறுத்தாமல் மற்றப் பரிசோதனைகளையும் செய்கிறார்கள். குளுக்கோமாவில் பரவலாகக் காணும் வகை வருடக்கணக்கில் மெதுவாக நகர்வது. துளி மருந்து தந்திருந்தால் ஒரு நாளும் விடாமல் போடுங்கள். பார்மசியில் நீங்களாக வேறு துளி மருந்து வாங்க வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தவை கண் பிரஷரை ஏற்றிவிடும்.

அம்மா கொழுந்து எடுக்கிறவர், சீனி வருத்தம் உண்டு. கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துவிட்டு, கண் டொக்டரிடம் காட்டத் துண்டு தந்தார்கள். அன்றிலிருந்து "கண்ணு போச்சு" என்று சரியாகச் சாப்பிடுவதே இல்லை. (பண்டாரவளை)

தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். சில சீனி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி சடாரென்று இறங்கிவிடும். இன்றைக்கு இருக்கிற ஆபத்து அதுதான்.

துண்டு தந்தார்கள் என்பதற்காகப் பார்வை போய்விட்டது என்று அர்த்தமில்லை. வெண்புரையால் படம் தெளிவில்லாமல் போனாலும் அனுப்புவார்கள். சீனியால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அப்படி இருந்தாலும், பார்வை மங்குமுன் படத்தில் அகப்படுவது நல்லது. லேசரும் கண்ணில் போடும் ஊசியும் அப்போதுதான் நன்றாகக் கைகொடுக்கும்.

கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்று அம்மா தயங்கலாம். அதற்காகத் திகதியைத் தள்ளிப்போட விடாதீர்கள். கூடவே போங்கள். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலம் கண் கூசும், கிட்டத்துப் பொருள் மங்கும். அந்தக் கண்ணோடு லயத்துப் படிகளில் அவர் தனியாக ஏறக்கூடாது.

விடிய விடிய போனில் கண் நோய்களைத் தேடிப் படிக்கிறேன். நிறுத்த முடியவில்லை. (ஹட்டன்)

ரிப்போர்ட்டை யாரிடம், எந்தத் திகதியில் கேட்பது என்று கிளினிக்கில் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திகதி தெரியாத காத்திருப்புத்தான் ஆளை அதிகம் வாட்டும். படபடப்பு அடங்காவிட்டால் 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம்; இரவிலும் பேசலாம்.

எதற்குக் காத்திருக்கவே கூடாது? (பதுளை)

திடீரென்று பார்வை குறைவது, மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, கண் சிவந்து கடும் வலியோடு வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதியைப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.