பதில்: ஈஸ்டர் திருவிழிப்புல மெழுகுவத்தி போட்டோ, ஜெபத்துலயும் மனசு நிக்கல

ஈஸ்டர் திருவிழிப்புல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வழிபாட்டுல, மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுக்கிற படம் ஆடிப்போகுது, ஜெபத்துலயும் மனசு நிக்கலன்னு கேட்டிருந்தீங்க. ஃப்ளாஷை ஆஃப் பண்ணிட்டு, ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்து வெளிச்சத்தை மட்டும் அளக்கிற முறை) வச்சு சுடர்ல இல்லாம முகத்துல மீட்டர் பண்ணுங்க. கோயில் லைட்டை அணைச்சதும் படம் ஆடிப்போகுதுன்னா, பெரும்பாலும் ஆட்டோ மோடு இருட்டைப் பகலாக்கப் பாத்து ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைக்குது, அதான்.

மேனுவல்ல லென்ஸ் திறப்பு எஃப்/1.8, ஷட்டர் 1/80 செகண்ட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200ல ஆரம்பிங்க. ஒயிட் பேலன்ஸ் (படத்தோட நிறச் சாயலைச் சரி பண்ற செட்டிங்) 3000 கெல்வின் பக்கம் போதும், மெழுகுவத்தி வெளிச்சமே 1900 கெல்வின் கிட்டதான், மஞ்சளை முழுசா எடுத்தா முகம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும்.

இன்னைக்கு ராத்திரியே வீட்ல லைட்டை அணைச்சு யாரையாவது மெழுகுவத்தி பிடிக்கச் சொல்லி எடுத்துப் பாருங்க. சுடர் ஷார்ப்பா இருந்து கண்ணு மங்கலா இருந்தா போகஸ்தான் தப்பு, ரெண்டுமே மங்கல்னா ஷட்டரை இன்னும் வேகமாக்குங்க.

ஜெபம் விஷயம்: பாஸ்கா திரியில (ஈஸ்டருக்கு ஏத்துற பெரிய மெழுகுவத்தி) இருந்து தீ ஒவ்வொரு பெஞ்சா பரவுதே, அந்த நேரம் மட்டும் எடுங்க, படமும் அங்கதான் இருக்கு. பாஸ்கா புகழுரை (அந்தத் திரி முன்னாடி பாடுற புகழ்ப்பாட்டு) ஆரம்பிச்சதும் கேமரா பைக்குள்ள போயிடணும், உங்க கையிலயும் ஒரு மெழுகுவத்தி இருக்குமே. எழுந்தேற்றத்துல (பூசையில சாமியார் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுற நேரம்) ஷட்டர் சத்தம் கேட்டா எனக்கே எரிச்சல் வரும்.

ஆனா பங்குச்சாமியார்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க, சில பங்குல சுத்தமா விடமாட்டாங்க.