வரும் ஆண்டுக்கான இலக்குகளை ஜாதகத்தைக் கொண்டு அமைத்துக்கொள்ள முடியுமா?

"புத்தாண்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க ஜோதிடம் உண்மையிலேயே உதவுமா? பலன் பார்ப்பதோடு நின்றுவிடாமல் அதை எப்படிப் பயன்படுத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும் என்பதே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பஞ்சாங்கமும் ஜாதகமும் பார்த்துவரும் என் அனுபவம். ஆனால் ஜாதகத்தின் முன் உட்கார்ந்து எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இந்த ஆண்டு எனக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டவரைக்கும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். "இந்த ஆண்டு நான் எதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்?" என்று கேட்கக் கற்றுக்கொண்ட பிறகே அது எனக்குப் பயன்படத் தொடங்கியது.

இதை எனக்கு முதலில் காட்டியவர் என் தந்தையார். கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்து வீட்டில், சித்திரை முதல் நாள் பூஜை முடிந்ததும், நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவிய புதுப் பஞ்சாங்கத்தை எடுத்து, அந்த ஆண்டுக்குரிய வெண்பாவில் தொடங்கி, ராஜா யார், மந்திரி யார், மழை எவ்வளவு என்று உரக்கப் படித்துக்கொண்டே வந்து, ஒவ்வொருவர் ராசிக்கும் உரிய ஆதாய விரயத்தில், அதாவது வரவு செலவு எண்களில், வந்து நிற்பார். ஓர் ஆண்டு அவருடைய ராசிக்கு ஆதாயம் 2, விரயம் 11 என்று போட்டிருந்தது. அம்மாவின் முகம் வாடிவிட்டது. அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அந்த 11க்குப் பக்கத்தில் "கூரை ஓடு மாற்றுதல், சின்னவன் கல்லூரிக் கட்டணம்" என்று பொடி எழுத்தில் எழுதினார். செலவு வரும் என்றால் அது நாம் தேர்ந்தெடுத்த செலவாக இருக்கட்டும் என்றார். விரயத்தைச் சுப விரயமாக்கிக்கொள்வது என்று ஜோதிடர்கள் சொல்வது இதைத்தான். அந்த ஆண்டு ஓடு மாற்றப்பட்டது, தம்பியின் கட்டணமும் கடனில்லாமல் கட்டப்பட்டது.

எனக்கு அந்தத் தெளிவு வர வெகுகாலம் ஆனது. என்னுடையது திருவோணம், மகர ராசி. 2017இல் ஏழரைச் சனி தொடங்கியபோது, தொலைநிலைக் கல்வியில் எம்.காம். சேர விண்ணப்பத்தை நிரப்பி, புகைப்படமும் ஒட்டி வைத்திருந்தேன். அப்போது பார்த்த ஜோதிடர் ஒருவர், ஏழரை முடியும் வரை புது முயற்சி எதுவும் வேண்டாம் என்றார். நான் அந்த விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து, இனியும் பொறுக்க முடியாது என்று 2021இல், ஏழரையின் நடுப்பகுதியான ஜென்மச் சனியிலேயே சேர்ந்து, 2023இல் அதன் கடைசிப் பகுதியான பாதச் சனியில் படித்து முடித்தேன். இழந்த அந்த நான்கு ஆண்டுகளுக்குச் சனியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் சொன்ன வாக்கியத்தை இலக்காக்கிக்கொண்டு, என் இலக்கைத் தூக்கி இழுப்பறையில் வைத்தது நான்தான்.

நாள் குறித்துச் சொல்லப்படும் பலன்களில் வாழ்க்கையை மாட்டிவைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்குக் கணக்கு அடிப்படையிலேயே காரணம் உண்டு. தற்கால வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குச் சென்றுவிட்டார். பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026 மார்ச்சில்தான். திருநள்ளாறு தர்பாரண்யேஸ்வரர் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், 2025இல் அங்கே சனிப்பெயர்ச்சி விழா இல்லை என்று கோயில் நிர்வாகமே முன்கூட்டி அறிவித்தது. ஆக, மகர ராசிக்காரனான எனக்கு ஒரு பஞ்சாங்கத்தின்படி ஏழரை முடிந்துவிட்டது, மற்றொன்றின்படி இன்னும் ஏறத்தாழ ஓராண்டு மீதமிருந்தது. இரண்டும் நம் வீடுகளில் மதிப்போடு வைத்துப் பார்க்கப்படும் பஞ்சாங்கங்கள்தாம். இவற்றில் எதை நம்பி ஒருவர் ஓராண்டைத் தள்ளிப்போடுவது?

ஆயுளைக் கிரகங்களுக்குரிய தசைகளாகவும், ஒவ்வொரு தசையையும் புத்திகளாகவும் பிரிக்கும் தசா புத்தியும் அப்படித்தான். விம்சோத்தரி முறையில் மொத்தம் 120 ஆண்டுகள்; பிறக்கும்போது சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறார் என்பதை வைத்துத் தசை இருப்பை, அதாவது முதல் தசையில் மீதமுள்ள காலத்தை, கணக்கிடுகிறோம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார். எனவே பிறந்த நேரம் ஒரு மணி நேரம் முன்பின்னாகக் குறிக்கப்பட்டிருந்தால், சந்திர தசையில் பிறந்த எனக்குப் பிற்காலத் தசைகள் எல்லாம் சுமார் ஐந்து மாதங்கள் இடம் மாறும்; 20 ஆண்டுச் சுக்கிர தசையில் பிறந்த பரணிக்காரருக்குச் சுமார் பத்து மாதங்கள் மாறும். என் பிறந்த நேரம் என்று அம்மா சொல்வது "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்த நேரம்" என்பதுதான். அதை வைத்துக்கொண்டு, இன்ன மாதம் பதவி உயர்வு என்று எழுதிவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கிரகம் ஒன்று நகர்வதால் ஒருவருக்கு வேலை கிடைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்பதையும் நான் அறிவேன், மறுக்கவும் இல்லை. பிறகு ஏன் ஜாதகத்தை எடுக்கிறேன் என்றால், வாழ்வின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இடம் என்று வகுத்திருக்கும் அதன் 12 கட்டங்களுக்காக. எந்தத் துணையும் இல்லாமல் இலக்கு எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் மூன்றைத்தான் எழுதுவோம்: பணம், உத்தியோகம், உடல் எடை. அதாவது இரண்டாம் இடம், பத்தாம் இடம், முதல் இடமான லக்னம். மற்ற ஒன்பது கட்டங்கள் காலியாகக் கிடக்கும். நான்காம் இடம் தாயையும் வீட்டையும் பற்றிக் கேட்கிறது. ஆறாம் இடம் கடனையும் நோயையும் பற்றிக் கேட்கிறது. பன்னிரண்டாம் இடம் செலவை மட்டுமல்லாமல் தூக்கத்தையும் கேட்கிறது. அயன சயன ஸ்தானம் என்று அதற்குப் பெயரே உண்டு. நாம் பணத்துக்காகவே பார்க்கும் இரண்டாம் இடம்கூடத் தனம், குடும்பம், வாக்கு ஆகிய மூன்றையும் ஒரே கட்டத்தில் வைத்திருக்கிறது. தன ஸ்தானம் பலப்பட வேண்டும் என்று விரும்புகிறவர், வீட்டில் தன் பேச்சு எப்படி இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்தாக வேண்டும். இதை முதன்முதலாக யோசித்த நாளில் நான் வெகுநேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் 12 கட்டங்களில் இந்த ஆண்டுக்கு எதை எடுப்பது என்ற கேள்வி வரும். அதற்கு நான் கோசாரத்தை, அதாவது கிரகங்கள் இப்போது இருக்கும் ராசிகளை, பயன்படுத்துகிறேன். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை ஆண்டுகள் இருப்பார், குரு சுமார் ஓராண்டு இருப்பார். இவ்விருவரும் என் ராசியிலிருந்து எத்தனையாம் இடத்தில் இருக்கிறார்களோ அந்த இரண்டு கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எந்தக் கட்டம் என்பதை இடம் சொல்கிறது என்றால், அதில் எப்படி வேலை செய்வது என்பதைக் கிரகத்தின் காரகத்துவம், அதாவது அது குறிக்கும் இயல்பு, சொல்கிறது. சனி வரும் கட்டத்தில் மெதுவான, திரும்பத் திரும்பச் செய்கிற, பிறர் பாராட்டாத வேலை. குரு வரும் கட்டத்தில் கற்பது, கற்பிப்பது, கொடுப்பது. நடக்கும் புத்திக்குரிய கிரகமான புத்தி நாதனைப் பார்த்து இலக்கின் கால அளவை வைத்துக்கொள்வேன்; தசை ஆண்டுகளையும் புத்தி நாதனுக்குரிய தசை ஆண்டுகளையும் பெருக்கி 120ஆல் வகுத்தால் புத்தியின் நீளம் கிடைக்கும். சனி தசையில் புதன் புத்தி என்றால் 2 ஆண்டு 8 மாதம் 9 நாள். புதனுக்குரிய கணக்கு, படிப்பு, எழுத்து தொடர்பான ஒன்றை அவ்வளவு நாளுக்குத் திட்டமிடலாம். தொடக்க நாள் சில மாதங்கள் முன்பின்னாக இருந்தாலும் நீளம் மாறுவதில்லை. கட்டங்களின் பலத்தைப் பரல் என்ற புள்ளிகளால் அளக்கும் சர்வாஷ்டகவர்க்கம் பார்க்கிறவர்கள் அந்தப் பரல்களையும் சேர்த்துப் பார்க்கலாம்: மொத்தம் 337, கட்டத்துக்குச் சராசரி 28. குறைந்த பரல் உள்ள கட்டத்தைக் கைவிடச் சொல்பவர்கள் உண்டு. அங்கே இலக்கைச் சிறிதாக்கி உழைப்பைக் கூட்ட வேண்டும் என்றே நான் கொள்கிறேன்.

என் சென்ற ஆண்டை உதாரணமாகச் சொல்கிறேன். திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்ததால் எனக்கு மூன்றாம் இடம். முயற்சி ஸ்தானம் என்று எல்லோரும் சொல்வார்கள், அதுவே இளைய சகோதர ஸ்தானமும் கூட. தந்தையார் காலமான பிறகு பாகப்பிரிவினையில் எனக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் வந்து, மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. ஜாதகம் இல்லாமல் எழுதியிருந்தால் என் இலக்குப் பட்டியலில் தம்பியின் பெயர் வந்திருக்கவே வந்திருக்காது. கட்டத்தில் வந்து நிற்பவர் சனி என்பதால், 'தம்பியோடு சமாதானம் ஆவது' என்று எழுதவில்லை. 'மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்குப் பேருந்தில் சென்று, மதியம் வரை அவன் வீட்டில் இருந்துவிட்டு வருவது. நிலத்தைப் பற்றிய பேச்சை நானாக எடுப்பதில்லை' என்று எழுதினேன். முதல் மாதம் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு டம்ளர் மோரோடு திரும்பினேன். இரண்டாம் மாதம் அவன் வீட்டில் இல்லை. நான்காம் மாதம் தம்பி மனைவி இலை போட்டார். தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கங்க" என்றான். பன்னிரண்டு மாதங்களில் ஒன்பது மாதம் சென்றேன். நிலப் பிரச்சினை இன்னும் அப்படியேதான் இருக்கிறது; ஆனால் பொங்கலுக்கு அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

இலக்கைச் சரிபார்க்கும் நாளையும் பஞ்சாங்கமே தருகிறது. கந்தாய பலன் என்ற பகுதியில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மூன்று எண்கள் இருக்கும். ஆண்டை நான்கு நான்கு மாதங்களாக, சித்திரை முதல் ஆடி, ஆவணி முதல் கார்த்திகை, மார்கழி முதல் பங்குனி என்று பிரித்து, ஒற்றைப்படை எண் வந்தால் லாபம், இரட்டைப்படை வந்தால் சமம், பூஜ்யம் வந்தால் சூன்யம் என்று பலன் சொல்வார்கள். நான் எண்களை ஒதுக்கிவிட்டு அந்தப் பிரிவினையை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆடி முடிவிலும் கார்த்திகை முடிவிலும் ஒரு மாலை உட்கார்ந்து, எழுதியதை எடுத்துப் பார்ப்பேன். ஆண்டு முழுவதும் சுமந்துபோக முடியாத உறுதியைக்கூட நான்கு மாதம் சுமக்கலாம் என்பதை இதில் கண்டுகொண்டேன்.

உங்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவச் சிகிச்சை, பெண்பிள்ளையின் படிப்பு, கடன் அடைப்பது ஆகிய மூன்றையும் எந்தப் பெயர்ச்சிக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். பரிகாரச் செலவு உங்கள் ஒரு மாதச் சேமிப்பை விழுங்கும் அளவுக்குச் சொல்லப்பட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நாளிதழ்களில் வரும் பொது ராசிபலனை வைத்தும் இலக்கு எழுத வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடிக்கும் மேற்பட்டவர்கள், ராசிக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு ராசிக்கு 60 லட்சம் பேர் வருவார்கள். உங்கள் தம்பி உங்களோடு பேசுவதில்லை என்பது அந்தப் பத்தியை எழுதியவருக்குத் தெரிய வழியில்லை.

2026 ஏப்ரல் 14 அன்று பராபவ ஆண்டு பிறக்கிறது. எனக்குச் சனி மூன்றிலேயே தொடர்வதால் மன்னார்குடிப் பயணமும் தொடரும். குரு கடகத்துக்கு வருவதால், வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் ஏழாம் இடம் சேர்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இம்முறை என் மனைவியிடமே கேட்டேன். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருவதாக நான் சொல்லிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன என்று அவர் பதில் சொன்னார். குருவின் காரகத்துவத்துக்கு அதைவிடப் பொருத்தமான இலக்கை என்னால் யோசித்திருக்க முடியாது. திருக்கணிதப்படி குரு கடகத்துக்கு வருவது ஜூன் தொடக்கத்தில்தான். நாங்கள் சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே, தெருக்கோடிப் பள்ளி மைதானத்தில் தொடங்குவதாக இருக்கிறோம்.