இளைப்பாறும் கடிதத்தில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: ஸ்காபுரோவிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 57 வயது, ஒரு வெயர்ஹவுஸில் 19 வருடமாக வேலை. 14 மாதத்துக்கு முன் பெட்டி தூக்கும்போது முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. டபிள்யூஎஸ்ஐபி (ஒன்ராறியோவில் வேலைக்காயத்துக்கு நட்டஈடு கொடுக்கும் வாரியம்) கிளெய்மை ஏற்றுக்கொண்டது. பாரமில்லாத வேலை கொஞ்ச நேரத்துக்குக் கொடுத்தார்கள், போன மாதத்தோடு அதுவும் இல்லை என்றுவிட்டார்கள். இப்போது கூப்பிட்டு, "என் விருப்பத்தின் பேரில் இளைப்பாறுகிறேன்" என்று ஒரு கடிதத்தை நீட்டி, கையெழுத்து வைத்தால் மூன்று மாதச் சம்பளம், வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறார்கள். அங்கே 80 பேர் வேலை செய்கிறார்கள், யூனியன் இல்லை. மகனுக்கு ஹொக்கிதான் உலகம். "அப்பா, மொன்றியல் அணியின் கோலி கேரி பிரைஸ் 2022க்குப் பிறகு ஒரு மச்சும் ஆடவில்லை, ஆனாலும் ரிட்டயர் என்று எழுதிக் கொடுக்கவே இல்லை, அதனால்தான் சம்பளம் வந்துகொண்டே இருந்தது, நீங்களும் எழுதிக் கொடுக்காதீங்கோ" என்கிறான். இவரோ, "அவங்கள் கோடீஸ்வரர், அவங்கட சட்டம் எங்களுக்கு வராது" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அக்கா, வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க வேண்டாம். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம், ஆனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படிக் கையெழுத்து வைத்த பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர், அந்தத் தாளைத் திருப்பி எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

மகன் சொன்ன முடிவு சரி. கணவர் சொன்னதிலும் பாதி சரி, ஹொக்கி வீரருக்கான விதி அவருக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. "நானாகவே போகிறேன்" என்ற அந்த ஒரு வரியில். அது ஏன் என்று ஹொக்கியை வைத்தே சொல்கிறேன், வீட்டில் மூன்று பேருமாக இருந்து வாசித்தால் நல்லது.

என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்) வீரர்கள் எல்லோரும் ஒரே அச்சில் உள்ள ஒப்பந்தத்தில்தான் கையொப்பமிடுகிறார்கள். ஹொக்கி வீரராக வேலை செய்யும்போது பட்ட காயத்தால் ஆட முடியாமல் போனால், அந்த இயலாமை நீடிக்கும்வரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அணி சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல சுகத்தோடு இருக்கும் வீரரை, 26 வயதோ அதற்கு மேலோ என்றால், மிச்சச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம். காயத்தோடு இருப்பவரை அப்படிக்கூட அனுப்ப முடியாது. ஆனால் அந்த வீரர் தானே ஓய்வு பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் இனி வரவேண்டிய சம்பளம் அத்தனையும் போய்விடும், முழங்கால் எவ்வளவு மோசமாக இருந்தாலும்.

பிரைஸின் ஒப்பந்தம் எட்டு வருடத்துக்கு 84 மில்லியன் டொலர். கடைசியாக ஆடியது 2022 ஏப்ரலில், பிறகு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. 2025 செப்டம்பரில் மொன்றியல் அணி அவரை சான் ஹோசேக்கு மாற்றியது, அதுவும் ஆடுவதற்கு அல்ல, ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தை இன்னொரு அணியின் கணக்கில் போடுவதற்கு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிலடெல்பியா அணியில் ஆடிய கிறிஸ் புரொங்கரின் கதை. 2011 ஒக்ரோபரில் ரொறன்ரோவுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி வீரரின் மட்டை கண்ணில் அடித்தது. திரும்பி வந்து கொஞ்சம் ஆடினார், அந்த நவம்பருக்குப் பிறகு ஆடவே இல்லை, தலைக் காயமும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒப்பந்தம் 2017 வரை இருந்தது. 2014இல் லீக்கின் வீரர் பாதுகாப்புப் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தார், 2015இல் ஹொக்கிப் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார், அந்த நேரமெல்லாம் தாளில் அவர் காயப்பட்ட ஒரு வீரர்தான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைத் தாளில் எழுதித் தரவேண்டிய கடமை மட்டும் அவருக்கு இல்லை.

சரி, அணி ஏன் இதற்கு ஒத்துப்போகிறது? அங்கேதான் லீக்கின் நீண்டகாலக் காயப் பட்டியல் என்ற ஒன்று வருகிறது. 2004-05 சீசன் முழுக்க நடக்காமல் போன பிறகு, 2005இல் ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்குச் செலவழிப்பதற்கு ஓர் உச்ச வரம்பு போட்டார்கள், முதல் வருடம் 39 மில்லியன். ஒரு வீரர் குறைந்தது 10 ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாது என்றால் அவரை அந்தப் பட்டியலில் போடலாம், போட்டால் அவருடைய தொகையளவுக்கு அணி வரம்பைத் தாண்டலாம். பட்டியலில் போட்டால் சம்பளம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை, வீரருக்கு வரவேண்டிய காசு வந்துகொண்டுதான் இருக்கும்.

வயதானவர்களின் ஒப்பந்தத்துக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 35 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கும் பல வருட ஒப்பந்தம் என்றால், வீரர் ஓய்வு பெற்றாலும் அந்தத் தொகை அணியின் கணக்கிலிருந்து இறங்காது. புரொங்கர் 2009 ஜூலையில் கையொப்பமிட்டபோது அவருக்கு 34 வயது. ஆனால் விதி பார்ப்பது ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் வருடத்து ஜூன் 30இல் என்ன வயது என்பதை. அந்தக் கணக்கில் 35. பிலடெல்பியா அணி அதில் மாட்டிக்கொண்டது. கோடிக்கணக்கான ஒப்பந்தத்திலும் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விசயத்திலும் ஒரு தேதி வரப்போகிறது.

வரம்பு வந்ததும் அணிகள் 12 வருடம், 15 வருடம் என்று நீட்டி, முதல் வருடங்களில் கொட்டிக் கொடுத்து, நாற்பது வயதுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத சம்பளம் எழுதின. வரம்புக்கு எண்ணுவது ஒப்பந்தத்தின் வருடச் சராசரியை, அது குறையுமே, அதற்காக. 2010இல் நியூ ஜேர்சி அணி இலியா கோவல்சுக்கோடு 17 வருடத்துக்கு 102 மில்லியன் என்று எழுதியபோது லீக் அதை நிராகரித்தது, நடுவரும் லீக் பக்கமே தீர்ப்புச் சொன்னார். லீக்கும் வீரர் சங்கமும் 2013இல் செய்த கூட்டு ஒப்பந்தம், அப்படி எழுதப்பட்ட பழைய ஒப்பந்தங்களின் வீரர் இடையில் ஓய்வு பெற்றால் அணிக்குத் தண்டம் என்று விதித்தது. வன்கூவர் அணியோடு அப்படி ஒப்பந்தம் போட்டிருந்த ரொபேர்டோ லுவாங்கோ 2019இல் நேர்மையாக ஓய்வை அறிவித்தார். அதற்காக வன்கூவர் அணி மூன்று சீசன்களுக்கு, ஒவ்வொன்றிலும் 3 மில்லியனுக்குக் கொஞ்சம் மேல், தன் வரம்பிலிருந்து இழந்தது, அவர் அந்த அணியை விட்டுப் போய் ஐந்து வருடம் கடந்த பிறகு.

அதே 12 வருட ஒப்பந்தக்காரர் மரியான் ஹோசா. 2017இல், தோல் நோயும் அதற்கு எடுக்கும் மருந்தின் பக்கவிளைவும் தாங்க முடியாமல் ஆட்டத்தை நிறுத்தினார். அப்போது மிச்சமிருந்த நான்கு வருடங்களுக்கும் அவருடைய சம்பளம் வருடத்துக்கு 1 மில்லியனாக இறங்கியிருந்தது, அணியின் வரம்புக் கணக்கிலோ 5.275 மில்லியன். சரியான நேரத்தில் நோய் வந்ததே என்று அன்று பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. ஹொக்கி உடுப்பைப் போட்டாலே உடம்பு தாங்காத ஒருவர், யாருக்கோ வசதியாக இருக்கிறது என்பதற்காகப் பொய்க்காரர் ஆகிவிடமாட்டார். முதுகுவலி என்று சொல்லும் நம் ஆட்களைப் பார்த்தும் வேலைத்தளத்தில் இதே பேச்சுத்தான் வருகிறது, உங்கள் கணவரும் கேட்டிருப்பார்.

காப்புறுதிக்காரரையும் மறக்கக்கூடாது. நேதன் ஹோர்டன் 2013இல் கொலம்பஸ் அணியோடு ஏழு வருடத்துக்கு 37 மில்லியன் அளவில் ஒப்பந்தம் போட்டார். 36 ஆட்டம்தான் ஆடினார், முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்துக்குக் காப்புறுதி எடுக்காததால், ஆடாத ஒருவருக்கான முழுச் சம்பளமும் அணியின் சொந்தக் கையிலிருந்து போகவேண்டிய நிலை. 2015 பெப்ரவரியில் அவரை ரொறன்ரோவுக்குக் கொடுத்து, ஆடக்கூடிய டேவிட் கிளார்க்சனை எடுத்தார்கள். ரொறன்ரோவுக்குக் காசு ஒரு பிரச்சினையில்லை, வரம்பில் இடம்தான் பிரச்சினை. கொலம்பஸுக்கு நேர்மாறு. ஒருவரின் முதுகு உடைந்த கதை இரண்டு அலுவலகங்களில் இரண்டு விதமான கணக்காகத் தெரிகிறது. உங்கள் கணவரின் கொம்பனியும் இப்படி ஒரு கணக்குப் பார்த்துத்தான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறது. அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர்களுடைய கணக்கை நீங்கள் ஏன் உங்கள் கையெழுத்தால் முடித்துக் கொடுக்க வேண்டும்?

இந்தப் பட்டியலை வைத்து விளையாடியவர்களும் உண்டு. நிகிட்டா குச்செரோவ் 2020-21 சீசன் முழுக்க இடுப்புச் சத்திரசிகிச்சை என்று வெளியே இருந்து, அப்போது வரம்பு இல்லாதிருந்த பிளேஓவ் (கிண்ணத்துக்காக சீசன் முடிவில் நடக்கும் சுற்று) தொடங்கியதும் இறங்கி ஆட, அவருடைய தம்பா அணி கிண்ணத்தை வென்றது. சிகிச்சை உண்மைதான், அதில் சந்தேகமில்லை. 2025-26இலிருந்து பிளேஓவிலும் வரம்பு வந்துவிட்டது, அந்தச் சீசனில் இனி ஆடவே முடியாது என்றால் தவிர, பட்டியலால் கிடைக்கும் சலுகையும் லீக்கின் சராசரிச் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் மாறியது அணிக்குக் கிடைக்கும் இடம், காயப்பட்ட வீரருக்குச் சம்பளம் கொடுக்கும் கடமையில் கைவைக்கவில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் கணவரிடம் எட்டு வருட ஒப்பந்தம் இல்லை, யூனியனும் இல்லை. அவருக்கு இருப்பது ஒன்ராறியோவின் சட்டங்கள், அவை ஒன்றும் சின்ன விசயமில்லை.

20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடம், அவர் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை செய்தவர், ஆகவே வேலைக்காயச் சட்டப்படி அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கும் கடமை கொம்பனிக்கு இருக்கிறது. எண்ணுவது காயப்பட்ட நாளிலிருந்து, பொதுவாக இரண்டு வருடம். 14 மாதம் போய்விட்டது, இன்னும் 10 மாதம் இருக்கிறது. (மருத்துவரீதியாகப் பழைய வேலையைச் செய்யலாம் என்ற நிலை வந்தால் அதிலிருந்து ஒரு வருடம், அல்லது 65 வயது, எது முந்தியோ அது.) கடமையை மீறினால் டபிள்யூஎஸ்ஐபி ஒரு வருட நிகரச் சம்பளம் வரைக்கும் தண்டம் விதிக்கலாம். இந்த 10 மாதத்தை ஒரு கடிதத்தால் இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

அதற்குப் பிறகும் மனித உரிமைச் சட்டம் இருக்கிறது, அதற்கு இரண்டு வருட எல்லை கிடையாது. இயலாமை உள்ளவருக்கு, தாங்கமுடியாத கஷ்டம் வரும் எல்லைவரை, வேலையை மாற்றி அமைத்துக் கொடுக்க வேண்டும். பாரமில்லாத வேலை போன மாதம்வரை இருந்தது, இப்போது எப்படி இல்லாமல் போனது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். வயதைக் காட்டி அனுப்பவும் முடியாது, 65இல் கட்டாயமாக இளைப்பாற வைப்பதையே 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், இவருக்கு 57தான்.

காசுக் கணக்கையும் பாருங்கள். மூன்று மாதம் என்றால் 13 கிழமை. இனி எந்த வேலையும் அவரால் அங்கே செய்யமுடியாது என்றே ஒரு நாள் முடிவானாலும், காயத்தால் வேலை முடிந்தால் நோட்டிஸ் காசு (முன்னறிவித்தலுக்குப் பதிலான சம்பளம்) 8 கிழமை அவருக்கு வரவேண்டும். கொம்பனியின் வருடச் சம்பளச் செலவு 2.5 மில்லியனுக்குக் குறையாவிட்டால் (80 பேர் என்றால் பெரும்பாலும் அப்படித்தான்) வருடத்துக்கு ஒரு கிழமை வீதம் 19 கிழமை செவரன்ஸும் (நீண்ட சேவைக்கான வேலைநீக்கக் கொடுப்பனவு) சேரும். மொத்தம் 27 கிழமை. இது ஆகக் குறைந்தது. அவர்களாக நிறுத்தினால் வழக்குச் சட்டப்படி இதைவிடக் கூடக் கேட்கலாம். தானாக இளைப்பாறினால் இதில் ஒரு டொலருக்கும் உரிமை இல்லை, வேலையிழப்புக் காப்புறுதியும் சிக்கலாகும்.

டபிள்யூஎஸ்ஐபி கொடுக்கும், நிகரச் சம்பள இழப்பின் 85 வீதத்தை விட்டுக்கொடுப்பதாகக் கொம்பனியோடு செய்யும் உடன்பாடு செல்லாது, சட்டமே அப்படிச் சொல்கிறது. ஆனால் ஏமாறவேண்டாம்: தானாக வேலையை விட்டார் என்று ஒரு தாள் பைலில் இருந்தால், அதைக் காட்டி அந்தக் காசைக் குறைக்கும் பேச்சு வரலாம். மனித உரிமை வழக்கை விட்டுவிடுகிறேன் என்று எழுதிய கையெழுத்து வேறு, அது பெரும்பாலும் கட்டுப்படுத்தும்.

ஹொக்கியில் அணியின் வைத்தியர் ஒன்று சொல்லி, வீரரின் வைத்தியர் வேறொன்று சொன்னால் மூன்றாவது சுயாதீன வைத்தியரிடம் போவார்கள். இங்கே அந்தத் தீர்மானம் டபிள்யூஎஸ்ஐபியிடம். ஆகவே குடும்ப வைத்தியரிடம் இந்தக் கிழமையே போய், எவ்வளவு நேரம் நிற்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், "முதுகுவலி" என்று மொட்டையாக எழுதினால் போதாது. வேலைக்குத் திரும்புவது பற்றிய டபிள்யூஎஸ்ஐபி முடிவில் உடன்பாடில்லை என்றால் 30 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு வருடம். அது பாரமில்லாத வேலையை நிறுத்திய நாளிலிருந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அவர் கொம்பனிக்கு இமெயிலில் இதை அனுப்பட்டும்: "நான் இளைப்பாற விரும்பவில்லை. என்னால் செய்யக்கூடிய வேலைக்குத் திரும்பத் தயாராக இருக்கிறேன். பாரமில்லாத வேலை ஏன் நிறுத்தப்பட்டது என்று எழுத்தில் தாருங்கள்." அதன் பிரதியை டபிள்யூஎஸ்ஐபி கேஸ் மனேஜருக்கும் அனுப்புங்கள். யாராவது போன் எடுத்தால் மரியாதையாக, இமெயிலில் எழுதுங்கோ என்று சொல்லிவிட்டு வைக்கலாம். யூனியன் இல்லாத காயப்பட்ட தொழிலாளருக்கு ஒஃபிஸ் ஒஃப் த வேர்க்கர் அட்வைசர் இலவசமாக உதவி செய்கிறது, அங்கேயும் திங்கட்கிழமைக்கு முன் கூப்பிடுங்கள். கையெழுத்து வைக்காத அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல், கொடுத்த தேதியை மேலே குறித்து, மருத்துவத் தாள்களோடு வைத்திருங்கள்.